லாபிஸ் மேடைக்கு நான் செய்து கொடுத்த தலைவர்கள்

அரசியல் பேச வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். மலாயாவில், ஜொகூரில் உள்ள லாபிஸ் டவுனின் தமிழர் சங்கத்தில் அப்படி எழுதிக் கொடுத்த ஆள் நான். மாலை விழுவதற்கு முன் வாசிக்கப்படும் அந்த நீண்ட அறிமுகத்தைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டதோடு தப்பித்தீர்கள். நான் அதை எழுதவும் வேண்டும், பிறகு உட்கார்ந்து கேட்கவும் வேண்டும்.

அப்போது சிங்கப்பூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை விட்டால் ரயிலேறி லாபிஸ் வந்துவிடுவேன். அப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். சங்கத்துக் காரியதரிசி வேலாயுதம் அதே தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் கணக்குக்கெல்லாம் தலைமை. சங்கம் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தியது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன் என்று கிராணியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, விதியைக் காட்டினார். எப்போதோ வேலைவெட்டி இல்லாத ஒருவர் மேடையேறி, பொழுது சாயும் வரை இறங்கவே இல்லையாம். அன்றிலிருந்து, தொழில் சொல்ல முடியாதவர் மேடையில் பேசக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. அறிமுகத்தில் தொழிலோ, அதற்கு மெருகேற்றிய பட்டமோ வாசிக்கப்பட வேண்டும், வாசித்த பிறகுதான் பேச்சு. கல்லூரியில் படிக்கிறேனே என்று வாதாடினேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: "படிக்கிறது தொழில் இல்ல தங்கச்சி. வர்ற தலைவருங்கள்ல யாரையாச்சும் புடிச்சு உன் தீர்மானத்தைப் பேசச் சொல்லு. அதுவரைக்கும் அவங்களுக்கு அறிமுகம் எழுதிக் குடு, உனக்குத்தான் தமிழ் நல்லா வருதே."

பெரட்டு வாசிப்பு

நான் எழுதினேன், கிராணியார் வாசித்தார். எப்படி வாசித்தார் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பால் மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் ஆட்களையெல்லாம் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். துரை எழுதிக் கொடுத்த உத்தரவையும் அங்கேதான் வாசிப்பார்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் காகிதங்களை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் உரக்க வாசித்த மனிதர் அவர். வாசிப்பது அவர் வேலை. அர்த்தம் துரையுடைய வேலை.

அது தெரியாமல் முதல் அறிமுகத்திலேயே அவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஓரத்தில் சில குறிப்புகள் எழுதி வைத்தேன். கூட்டத்தில் மனிதர் கணீரென்று ஆரம்பித்தார். "தமிழர்தம் தவப்பயனாய் வந்துதித்த, இங்கே மூச்சு விடவும், தனிப்பெருந் தலைவரே, இங்கே தலைவரைப் பார்த்துச் சிரிக்கவும்" என்று வாசித்துவிட்டு, தலைவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய், ஓரத்தில் இருப்பதை வாசிக்க வேண்டாம், அது உங்களுக்கு மட்டும் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "காகிதத்துல இருக்கிறதை இது வாசி, இது வாசிக்காதேன்னு துரையே என்கிட்ட சொன்னதில்ல, தங்கச்சி."

சட்ட மேதை

ஜொகூர் பாருவிலிருந்து வந்த முதல் பெரிய பேச்சாளரைச் 'சட்ட மேதை' என்று எழுதச் சொன்னார்கள். எந்தக் கோர்ட்டில் வாதாடுகிறீர்கள் என்று அவரிடமே கேட்டேன். வாதாடுவதில்லை, ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார். வக்கீலின் கட்டுகளை அவர்தான் சுமந்து போவாராம். சட்டம் முழுவதும் தம் தோளில் ஏறிப் போய்வந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. சரி, எழுதித் தொலைத்தேன்.

மேடையில் மனிதர் நெருப்பைக் கக்கினார். எந்த வல்லரசுக்கும் தலைவணங்கோம், எவருடைய உத்தரவுக்கும் காத்திரோம் என்று மேசையைக் குத்தினார். மேசை சங்கத்தினுடையது, அதன் ஒரு கால் அன்றே போயிற்று. எனக்கு ஒரே உற்சாகம். கோப்பிக்கடையில் அவர் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது என் தீர்மானத்தைச் சொல்லி, ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும் என்றேன். கிளாசைக் கீழே வைத்தார், மேல் துண்டால் வாயைத் துடைத்தார். "நல்ல விஷயம்தாம்மா. எதுக்கும் எங்க வக்கீல் ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

மதுவிலக்கு

உள்ளூர்க் கமிட்டி உறுப்பினர் மாணிக்கத்தைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் சண்டை போட வாய்ப்பு இருந்தது. அவர் மதுவிலக்கு வீரர். தோட்டத்துக் கள்ளுக்கடையை இழுத்து மூட வேண்டும் என்று பேசினால் பெண்கள் பக்கம் கண்ணீர் விடும். அவருடைய தொழிலை மட்டும் எல்லாரும் 'வியாபாரம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். என்ன வியாபாரம் என்று விசாரித்தேன். அந்தக் கள்ளுக்கடை வாசலில் சுண்டலும் நெத்திலிப் பொரியலும் விற்பது. அதாவது, கள்ளைக் குடிக்கிறவனுக்குக் காரம் கொடுத்து, இன்னொரு கிளாஸ் கேட்க வைப்பது.

இதை நான் அறிமுகத்தில் எழுதப் போகிறேன் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். கொள்கைக்கும் தொழிலுக்கும் ஏதாவது ஒட்டு உறவு வேண்டாமா என்று கேட்டேன். அவருக்கு என் மேல் வந்த கோபம் நியாயமான மனிதனுக்கு வருகிற கோபம் போலவே இருந்தது. "கள்ளை ஒழிக்கணும்னுதான் பேசினேன். சுண்டலை ஒழிக்கணும்னு என்னைக்காவது பேசியிருக்கேனா?"

பொருளாதார நிபுணர்

தங்காக்கிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். அவர் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்நியத் துணியை விலக்க வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒருவர், அப்போ நாங்க எதைக் கட்டுறது என்று முனகினார். அடுத்த வாக்கியத்திலேயே, விலக்க வேண்டாம், குறைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர் தலையை ஆட்டவில்லை. குறைக்கவும் வேண்டாம், கதர் பற்றி மனதில் மரியாதை இருந்தால் போதும் என்றார். பேசப் பேசக் கை மட்டும் மேசைமேல் எதையோ விரித்துக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தது. கூட்டத்துக்கு ரொம்பத் திருப்தி. எதற்கும் வற்புறுத்தாத தலைவரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இவ்வளவு வளைகிறவர் என் பக்கமும் வளைய மாட்டாரா? பெண்கல்வித் தீர்மானத்தை அவரிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார், எனக்கு எந்தச் சேலை எடுக்கும் என்று பார்க்கிறவர் போல. "பெண்கல்வி இந்தப் பக்கம் போகாது தங்கச்சி. விதவை மறுமணம் வந்திருக்கு, சீர்திருத்தக் கல்யாணம் இருக்கு. வேற எடுத்துக் காட்டட்டுமா?"

பகுத்தறிவுச் சிங்கம்

கடைசி நம்பிக்கை ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் உள்ள உலு திராமிலிருந்து வந்தவர். மூடநம்பிக்கையைக் கிழித்தெறிகிறவர். சாமி, சடங்கு, சகுனம் எதையும் விட்டுவைக்க மாட்டார். பெண்களைப் படிக்கவிடாததுதான் எல்லா மூடத்தனத்துக்கும் வேர் என்று அவர் பேசியதும், நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் தீர்மானத்தை அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டார். ஆண்டுக் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் பிழைப்பு சோதிடம். அந்த நேரம் ஆகாது, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போதுதானே இதெல்லாம் பொய் என்று பேசினீர்கள் என்று மல்லுக்கு நின்றேன். நான் கல்லூரியில் தர்க்கம் படித்தவள், விடுவேனா? அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, முன்வரிசையைக் கண்ணால் காட்டினார். "பொய்தாம்மா, யாரு இல்லேன்னா? அதோ உக்காந்திருக்காங்க பாரு, எல்லாம் நான் நாள் பார்த்துக் குடுத்த ஆளுங்க. நானே கெட்ட நேரத்துல மேடை ஏறினா அவங்க என்ன நெனைப்பாங்க?"

விழித்தெழுங்கள்

ஆண்டுக் கூட்டம் வந்தது. என் தீர்மானத்தைப் பேச ஆள் இல்லை. இந்த முறை விட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் எத்தனை பெண் பிள்ளைகள் தோட்டத்தில் பால் வாளி தூக்கப் போய்விடுவார்கள். அன்றைக்குச் சிறப்புப் பேச்சாளர் ரயிலில் வர வேண்டியவர். 'தமிழா, விழித்தெழு' என்பது தலைப்பு. சனம் நிறைந்துவிட்டது. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் ஓரத்துப் பாயில். ரயில் வந்தது, போனது, அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சேதி சொன்னான்: பேச்சாளர் தூங்கிப்போய் சிகாமட் வரைக்கும் போய்விட்டாராம்.

கமிட்டி கையைப் பிசைந்தது. நான் பிசையவில்லை. உட்கார்ந்து ஒரு அறிமுகம் எழுதினேன். கிராணியாரின் மேசைமேல் வைத்தேன். அவர் எடுத்தார், எழுந்தார், பெரட்டுக் குரலில் வாசித்தார்:

"அடுத்துப் பேச இருப்பவர், இந்த மேடையில் ஏறிய அத்தனை பேரையும் மேதையாக்கியவர். குமாஸ்தாவைச் சட்ட மேதையாக்கியதும், ஜவுளிக்கடைச் சிப்பந்தியை நிபுணராக்கியதும், சோதிடரைப் பகுத்தறிவுச் சிங்கமாக்கியதும் இவர் கை. தொழில், தலைவர்களைச் செய்து கொடுப்பது. நமது டிரெஸ்ஸர் மகள் ஞானம்மா. இங்கே கைதட்டலுக்கு நிறுத்தவும்."

நிறுத்தினார். சனம் தட்டியது. சுண்டல் மாணிக்கம் துள்ளி எழுந்தார். பொம்பளைப் பிள்ளை மேடையேறுவதாவது, இறக்குங்கள் என்றார். கிராணியார் காகிதத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "தொழில் சொல்லியாச்சு, பேரும் வாசிச்சாச்சு. வாசிச்ச பேரைக் கோடு போட்டு அடிக்கிற அதிகாரம் கிராணிக்குக் கெடையாது. ஏறு தங்கச்சி."

கை எண்ணினது

நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கிரேக்கத்தில் ஆரம்பித்து, ரோமாபுரி வழியாக, கடைசியில் எப்படியோ லாபிஸ் வந்து சேர்ந்தேன். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். பெஞ்சில் பாதிக் கை கூட எழவில்லை. மாணிக்கம் சிரித்தார். கிராணியாரோ இறங்கிப்போய் வரிசை வரிசையாக எண்ண ஆரம்பித்தார். பெஞ்சை முடித்தார், அப்படியே பாய்ப் பக்கம் திரும்பி அங்கே தூக்கியிருந்த கைகளையும் எண்ணினார். அந்தச் சங்கத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் எண்ணினதே இல்லை. இது என்ன புது வழக்கம் என்று மாணிக்கம் கத்தியபோது, கிராணியாருக்கு உண்மையாகவே அவர் கேட்டது புரியவில்லை. பொம்பளை ஆளை விட்டுவிட்டு எந்தத் தோட்டத்தில் பெரட்டு எடுக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது.

சனம் கலையும்போது, பால் மரம் வெட்டுகிற செல்லாயி அக்கா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தாள். கிரேக்கமா ரோமாபுரியா, எது அவள் மனதைத் தொட்டது என்று கேட்க எனக்கு ஆசை. அவளே சொன்னாள்: "நீ பேசினது ஒண்ணும் வெளங்கல தாயி. உன்னைப் பத்தி கிராணி வாசிச்சாரே, அது நல்லா இருந்துச்சு. திங்கக்கெழமை என் மகளைக் கூட்டியாறேன்."

தலைவர்களுடைய தொழிலை மறைத்து எழுதத்தான் என்னை வைத்தார்கள்; ஆனால் லாபிஸ் பெண்களுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தது எந்தத் தலைவருடைய கொள்கையும் இல்லை, ஒரு கிராணியால் மேடையிலும் விட முடியாமல் போன தொழில் பழக்கம்தான்.