கோடைக்குக் கட்டிய வீடு

காலை பதினொன்று நாற்பது. மரக்காணத்தில் அப்போது பிற்பகல் மூன்று பத்து. நான் கிரேக்க நாட்டின் பாரோஸ் தீவில், கடலைப் பார்த்த ஒரு பெரிய வில்லாவின் கூடத்தில், நீளமான சோபா ஒன்றுக்கு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

இந்தத் துணி போர்த்தும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் கடலோரத்துக் கோடை வீடுகளைக் குளிர்காலத்துக்குத் தூங்கவைப்பார்கள். சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி. நீச்சல் குளத்துக்குப் பச்சைத் தார்ப்பாய். குழாய்களில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கடைசியாக, வெளிச்சுவரோடு மடங்கிக் கிடக்கும் நீல மரக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்து, கண்ணாடிகளின் மேல் சாத்திக் கொக்கி மாட்ட வேண்டும். பாட்சூரியா என்பார்கள் அவற்றை. வந்த முதல் வருடம் எனக்குக் கை கூசியது. நம் ஊரில் முழு வெள்ளைத் துணியைத் தலைமாடு முதல் கால்மாடு வரை இழுத்துப் போர்த்தினால் அது ஒன்றுக்குத்தான். இப்போது ஒன்பது வருடப் பழக்கம். பாட்டுக் கேட்டுக்கொண்டே போர்த்துகிறேன்.

போனில் மகன் சந்துரு. புதுச்சேரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். புயல் என்று கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்ததால், மரக்காணத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் தனியாக இருந்தான். புயல் வடக்கே விலகிப் போகும் என்றுதான் முந்தைய நாள் வரை செய்தி. அது விலகவில்லை.

"மா, சித்தி போன் பண்ணுச்சு. அவங்க வூட்டுக்கு வந்துடச் சொல்லுது. போகட்டுமா?"

"காத்து எப்படிடா இருக்குது?"

"சத்தம் ஓவரா இருக்குது. ஹால் கண்ணாடி லேசா உள்ள வாங்குது மா. கை வச்சுப் பார்த்தேன், மூச்சு விடற மாதிரி இருக்குது."

"கை வைக்காதடா. ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டு உள் ரூமுக்குப் போ. நம்ம வீடு கான்கிரீட்டு. அவங்களது சிமெண்ட் ஷீட்டு போட்டது, பறந்துச்சுன்னா என்ன பண்ணுவே? எங்கயும் போவாத."

"சரி மா."

இரண்டாம் முறை நான் கூப்பிட்டபோது மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் முறை மணியே அடிக்கவில்லை.

சித்தி என்று அவன் சொன்னது வசந்தாவை. என் கணவர் ஏழுமலையின் தம்பி முருகனுடைய மனைவி, எனக்கு ஓர்ப்படி. அவர்கள் வீடு ஊருக்குள், தெருவில், நாலு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்கும் இடத்தில் இருக்கிறது. எங்களுடையது ஊருக்கு வெளியே, ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டிய மேட்டு நிலத்தில். கிழக்கே உப்பளம், அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். குறுக்கே எதுவும் கிடையாது. அந்த இடத்துக்காகத்தான் அங்கே கட்டினோம்.

நான் மரக்காணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். என் கணவர் துபாயில் ஒரு ஓட்டலில் பராமரிப்பு வேலை பார்த்தார். அங்கே வந்து தங்கிய ஒரு கிரேக்கக் குடும்பத்துக்கு அவருடைய கைவேலை பிடித்துப்போய், எங்கள் தீவு வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தம்பதியாக வருகிறீர்களா என்று கேட்டார்கள். பத்து வயதுப் பையனை என் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கோடையில் அந்த வில்லாவைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கூரைக்குக் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல் வானத்தில் போய் முடிகிற மொட்டை மாடி. கூடத்தில் நின்றால் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கண்ணாடி முழுக்கக் கடல். நாங்கள் தங்குவது பின்னால் துணி துவைக்கும் அறையை ஒட்டிய சின்ன அறையில். அதற்கும் ஒரு ஜன்னல் உண்டு, அதில் எலுமிச்சை மரம் தெரியும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா?

அதனால் ஊரில் அதே மாதிரி கட்டினோம். நான் எடுத்து அனுப்பிய படங்களை வைத்துத்தான் மேஸ்திரி வேலை செய்தார். ஆசையாகத்தான் செய்தார், சினிமா வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஜன்னல்களுக்கு வந்தபோது தச்சர் போனில் என் கணவரிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, இந்த ப்ளூ பலகைக்குக் கீலு போடணுமா? இல்ல, செவுத்தோட ஸ்க்ரூ அடிச்சுடட்டுமா?"

"ஸ்க்ரூவே அடிச்சுடுப்பா. அத யாரு மூடப் போறாங்க."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். தலையாட்டினேன். வருடாவருடம் அந்தப் பலகைகளைக் கை காய்த்துப்போகச் சாத்துகிறவர்கள் நாங்கள். ஆனால் சாத்துவது எங்களுக்குச் சம்பளத்துக்குச் செய்கிற வேலையாக இருந்தது. அது வீட்டின் ஒரு பகுதி என்று கண்ணில் படவே இல்லை. நான் அனுப்பிய படங்கள் எல்லாமே ஜூலை மாதத்துப் படங்கள். ஜூலையில் பாட்சூரியா சுவரில் ஒட்டிக்கொண்டு அழகாக இருக்கும்.

புதுமனை புகுவிழாவுக்கு ஊரே வந்து படம் எடுத்துக்கொண்டது. பிறகு திண்டிவனத்திலிருந்து ஒரு போட்டோகிராபர், கல்யாண ஜோடிகளை வைத்துப் படம் எடுக்கத் தருவீர்களா என்று சந்துருவிடம் கேட்டுவந்தான். வசந்தா மட்டும் கூடத்தின் நடுவில் நின்று, கண்ணாடியை மேலும் கீழும் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்:

"ஏங்க்கா, வூடு ஷோரூம் மாரி இருக்குது. பைக்கெல்லாம் எப்ப வந்து எறங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். முருகனும் சிரித்தார். என் கணவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அதோடு அவளிடம் பேச்சை விட்டேன். அண்ணன் தம்பிகளும் மெல்ல மெல்லப் பேசாமல் ஆனார்கள். என் தாய்வீட்டிலிருந்து சந்துரு அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு, அவன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் இருப்பான். எனக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தேன்.

இங்கே பன்னிரண்டு மணிக்குமேல் மரக்காணத்தில் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. முருகனின் எண்ணை அழுத்தும்போது என் கணவரின் விரல் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். அதுவும் அணைந்திருந்தது. டிவி சேனல்களைப் போனில் திறந்தால், குடையைப் பிடிக்க முடியாமல் ஒரு நிருபர் எங்கள் ஊருக்குத் தெற்கே எங்கேயோ நின்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் தெரிந்தது உப்பளமா கடலா என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தில் மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

யோர்கோஸ் வந்தார். அறுபது வயதுத் தச்சர். ஒவ்வொரு வருடமும் பாட்சூரியாவைச் சரிபார்த்துச் சாத்த எங்களோடு வேலை செய்பவர். என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொன்னேன்: மகன், புயல், கடலோரத்தில் எங்கள் வீடு, இதே மாதிரி வீடு. சந்துரு எனக்கு எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது. ஆனால் நவம்பரில் கோடை வீட்டில் பையன் என்ன செய்கிறான்? உங்கள் குளிர்கால வீடு எங்கே?"

"வேறே வீடு இல்லை. இது ஒன்றுதான்."

அவர் திடுக்கிட்டார். "அது எப்போது இடிந்தது? இந்தப் புயலிலா?"

இல்லை, இடியவில்லை, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, வீடு போனால் போகட்டும், பையன் இந்த இன்னொரு வீட்டில் பத்திரமாகத்தானே இருக்கிறான் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு படத்தை விரலால் பெரிதாக்கி, நீலப் பலகைகளைத் தொட்டுக் காட்டி, "இவை நல்ல மரம். சாத்திவிட்டானா?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவர் போன பிறகு நானும் என் கணவரும் சேர்ந்துதான் மீதிக் கதவுகளைச் சாத்தினோம். அன்றைக்குள் முடிக்கச் சொல்லி உரிமையாளர் அம்மா, கிரியா எலெனி, ஏதென்ஸிலிருந்து சொல்லியிருந்தார். தீவில் காற்று வரப்போகிறதாம். யாரும் இல்லாத வீட்டுக்கு ஒவ்வொரு கண்ணாடியாக மரக்கதவு சாத்தி, கொக்கி மாட்டி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தோம். கடைசிக் கதவைச் சாத்தியதும் கூடம் இருண்டுபோனது. இருட்டில் என் கணவர் சொன்னார்:

"ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி அப்பா உப்பளத்துல உப்புக் குமி ஒவ்வொண்ணுக்கும் ஓலை வேய வைப்பாரு. மழை தெரியாத வருசம்கூட விட மாட்டாரு. உப்புக்கு மூடினோம், செல்வி."

 இந்த வில்லாவுக்கு வரும் விருந்தினர்கள், காற்று பலமாக வீசத் தொடங்கினால் ஒரு நாள் முன்பே கப்பல் பிடித்துப் போய்விடுவார்கள். கோடை வீடு என்பது நல்ல நாட்களுக்கு மட்டும் ஆன வீடு. கெட்ட நாளில் விட்டுவிட்டுப் போக இன்னொரு வீடு இருப்பவர்கள் கட்டுவது. நாங்கள் அதில் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, கெட்ட நாளில் பிள்ளையை உள்ளே உட்கார வைத்து, எங்கும் போகாதே என்றும் சொல்லியிருந்தோம். எங்களைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிளானைக் கையில் எடுத்து, கார்த்திகை மாதத்து மழை நாளில் அந்த வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று ஒரு தரம் யோசியுங்கள். வேறொன்றும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் முருகனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சிக்னல் தேடித் திண்டிவனம் ரோட்டில் பாதி தூரம் பைக்கில் வந்திருந்தார்.

"அண்ணே, பையன் நல்லா இருக்கான். பின்னாடிதான் உக்காந்திருக்கான். கையில தையல் போட்டிருக்குது, பயப்படாதீங்க. வூடுதான்... வூட்டப் பத்தி அப்புறம் பேசலாம்."

"டேய் முருகா," என்றார் என் கணவர்.  போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சந்துரு என்னிடம் "ஒண்ணும் இல்ல மா, ஒண்ணும் இல்ல மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

என் கணவர் அடுத்த வாரமே ஊருக்குப் போய்விட்டார். வில்லாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் நான் இங்கே இருக்கிறேன். தை பிறந்துவிட்டது. அவர் அங்கே கிழக்குப் பக்கத்தின் பெரிய திறப்பைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சின்ன ஜன்னலுக்கு மட்டும் இடம் விட்டு, அதற்குக் கீல் வைத்த கதவு. இங்கே பூசணம் பிடிக்காமல் இருக்க, வெயில் அடிக்கும் நாட்களில் பாட்சூரியாவைத் திறந்து வீட்டுக்குக் காற்று காட்டச் சொல்லியிருக்கிறார் கிரியா எலெனி. வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நின்று நான் திறக்கிறேன், கடல் உள்ளே வருகிறது. அதே நேரத்தில் அவர் அங்கே கடலை ஒவ்வொரு செங்கலாக மறைக்கிறார். இரண்டு வீடுகளில் எதை நான் என் வீடு என்று நினைத்துக்கொண்டு துடைக்கிறேன் என்பது சில சமயம் எனக்கே தெளிவாக இல்லை.

அன்று என்ன நடந்தது என்பதைச் சந்துரு போன வாரம்தான் முழுதாகச் சொன்னான். நான் கேட்காமல் அவனாகவே சொன்னான். என்னோடு பேசி அரை மணி நேரத்துக்குள் கூடத்துக் கண்ணாடி வெடித்து உள்ளே விழுந்தது. கையைக் கிழித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வீட்டில் கண்ணாடி இல்லாத அறை அது ஒன்றுதான். உப்பளத்துத் தண்ணீர் மேடேறிக் கதவுக்கு அடியில் வரத் தொடங்கியது. வெளியே ஓடியிருக்கலாம், ரோட்டைப் பிடித்து ஊருக்குள் போகும் அளவுக்கு அப்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா போகாதே என்று சொல்லியிருந்தது. அதனால் உட்கார்ந்திருந்தான்.

இருட்டுவதற்கு முன்பே வசந்தா வந்தாள். முருகன் ரோட்டில் விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டப் பைக்கோடு போராடிக்கொண்டிருக்க, இவள் காத்திருக்காமல் முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்துவிட்டாள். கண்ணாடி இருந்த இடத்தின் வழியாக நுழைந்து, குளியலறைக் கதவைத் தட்டி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கதவைத் திறந்தவன், வருகிறேன் என்று சொல்லவில்லை.

"அம்மா எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லிருக்குது சித்தி."

வசந்தா தன் முந்தானையைக் கிழித்து அவன் கையைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் பேசினாளாம்.

"உங்கம்மா கேட்டா, சித்திதான் கழுத்தப் புடிச்சு இழுத்துக்கினு போச்சுன்னு சொல்லிடு. வாடா."