பிலோமினா அக்கா நடத்திய சுற்றுக்கடிதம்

செய்தி வந்தபோது நான் பாலிங் பேருந்து நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற பேருந்தின் படியில் நின்றிருந்தேன். நேரக்காப்பாளர் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "மணி, சுங்கை பட்டாணியிலிருந்து போன் வந்துச்சு. பிலோமினா அக்கா காலையில தவறிட்டாங்களாம்" என்றார். ஓட்டுநர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் வேலையில் அழுவதற்கு வசதியான இடம் கிடையாது. கோலா கெத்தில் வரும்வரை டிக்கெட் கிழித்துக்கொண்டே அழுதேன். பயணிகள் பாவம், ஏறின இடத்தையும் இறங்கும் இடத்தையும் அவர்களே சத்தமாகச் சொல்லி, எனக்கு உதவி செய்தார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பெரும்பாலோர் எட்டாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள். உங்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளும் மருமக்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா நம் தோட்டத்து ஆபீசில் தட்டச்சு செய்தவர். சுங்கை பட்டாணியில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். தினமும் பேருந்தில் வந்து போனவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாம் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு நாலா திசைக்கும் கிளம்பியபோது, ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எங்க போறீங்க? யார் வீட்டுல தங்குவீங்க? பக்கத்துல எந்தக் கடையில கடுதாசி குடுத்தா வந்து சேரும்?" என்று கேட்டு, ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதிக்கொண்டவர் அவர்தான். அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தன.

பிறகு அவர் பட்டணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் ஒருமுறை, தம் மாதா கோயில் அலுவலகத்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும் நம் செய்திகளை அச்சடித்து, அட்டையில் உள்ள எல்லாருக்கும் தபாலில் அனுப்பினார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்குக் கால் முறிந்தது, எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டுக் கறவை மாடு விலைக்கு இருக்கிறது எல்லாம் அதில் வரும். நாம் அவருக்கு எழுதுவோம். அவர் எல்லாருக்கும் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மளிகைக் கடையில் யாராவது உரக்க வாசித்துக் காட்டுவார்கள். மூன்று மாதம் ஒருவரிடமிருந்து ஒரு வரியும் வராவிட்டால் அவர் அட்டையை டின்னில் தலைகீழாகச் செருகிவிட்டு, அடுத்த கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், "உயிரோட இருக்கீங்களா?" என்று எழுதி அனுப்புவார். அதற்குப் பதில் வராமல் இருந்ததேயில்லை. கோபத்திலாவது எழுதிவிடுவார்கள்.

சண்டைகளும் அதில் நடந்தன. ஒருவரை ஒருவர் வைது எழுதினால் அக்கா இரண்டு தரப்பையும் போடுவார். வசவு வருகிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்துவிடுவார். கோலா கெத்திலிலிருந்து ஒருவர் அக்காவிடம் நேரே போய், "என்னைய அவன் திட்டுனதுக்கு எட்டுப் புள்ளி. நான் திட்டுனதுக்கு அஞ்சு புள்ளிதானா?" என்று நியாயம் கேட்டார். "அடுத்த தடவ நல்லாத் திட்டி எழுதுங்க, கூட்டிப் போடுறேன்" என்றாராம் அக்கா.

பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. சுங்கை பட்டாணிக்கு நேரில் வந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப் போனவர்களுக்குத் தோசை கிடைத்தது, கோப்பி கிடைத்தது, பேர் மட்டும் அப்படியே இருந்தது. நானும் ஒருமுறை போனேன். என் கல்யாணமே நின்றுவிடும் என்ற நிலையில், அவரிடம் கத்தித் தீர்க்கவேண்டும் என்றுதான் போனேன். அதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. தோட்டத்தில் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. எந்த வீட்டில் நுழைந்தாலும் சோறு இருந்தது. கமலாவைப் பெண் கேட்டு மெர்கோங் போனபோதுதான் தெரிந்தது. கமலாவின் அப்பா நல்ல மனிதர். உட்கார வைத்துப் பேசினார். "தம்பி, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மாப்பிள்ள வீட்டு ஆளுங்க எங்க? ஆளே இல்லாதவனுக்குப் பொண்ணக் குடுத்திட்டு, நாளைக்கி ஒண்ணுன்னா நான் யாருகிட்ட போயி கேக்குறது? கஷ்டம், சூசாலா அது. உங்க பக்கத்து ஆளுங்க சீர்த்தட்டோட வந்து பந்தல்ல உக்காரட்டும். அப்பதான் தாலி" என்றார்.

இருக்கிறார்கள், நூறு வீடு இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். நாள் குறித்தாயிற்று. அக்காவிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிட சந்தோஷம். அந்த மாதக் கடிதத்தில் முதல் செய்தியாக, பெரிய எழுத்தில், சுற்றிலும் பூ வரைந்து, எல்லாரும் குடும்பத்துடன் வரவேண்டும் என்று போட்டு அனுப்பிவிட்டார். எனக்கும் அது தவறாகப் படவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பேருந்தில் ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு ஒரே நாளில் நூறு வீட்டுக்கும் சொல்லிவிட்ட திருப்தி.

இரண்டு வாரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு வந்தது. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய ரெங்கசாமி அண்ணன் பாலிங்கிலிருந்து அக்காவுக்கு எழுத, அவர் அதை எனக்கு அனுப்பியிருந்தார். "ஏலத்துக்கு நோட்டீஸ் விட்ட மாதிரி கல்யாணத்துக்கு நோட்டீஸ் விடுகிறான். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட எங்கள் வாசல் தெரியாதா? யாரும் போகப் போவதில்லை." அதே தொனியில் இன்னும் நாலைந்து. பாலிங் நிலையத்தில் அவரே என் பேருந்தில் ஏறி, என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அடுத்த ஓய்வு நாளில் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். "பேரை எடுங்க அக்கா. உங்க கடுதாசியால என் கல்யாணம் போச்சு" என்று வாசலிலேயே கத்தினேன்.

"பசியாறிட்டியா?" என்றார்.

"பசியாறல."

"அப்ப உள்ள வா. பசியாறாம கத்துனா மயக்கம் வந்திரும்லா."

நான் தின்று முடிக்கும்வரை, நான் திரும்ப எடுத்துவந்த அந்தக் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தம்பி, தப்பு என்மேலதான். எங்க கோயில்ல ஒரு கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஓலை வாசிப்பாங்க. கேட்டவங்க அத்தன பேரும் வந்திருவாங்க. தோட்டத்துல எனக்கு வெத்தல பாக்கு வச்சாங்களே, அது ஆபீஸ் ஆளுங்களுக்குன்னு செய்யிற மரியாதைன்னு நெனச்சிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கணும்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நான் தட்டில் மிச்சமிருந்த சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவர் வேலையிடத்தில் ஒரு வாரம் விடுப்பு கேட்டார். நான் என் ஓட்டங்களை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், கற்கண்டு. இடுப்பில் பிஸ்கட் டின். கழுத்தில் சிலுவை. அப்படி ஒரு கோலத்தில் என் பக்கத்து அழைப்புக்குக் கிளம்பினார் பிலோமினா அக்கா.

முதல் வீடு கோலா கெத்திலில் அங்கம்மா பெரியம்மாவுடையது. பெரியம்மா தட்டைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"நீயா கூப்பிட வந்த? நீ இவனுக்கு என்ன முறை?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அக்கா" என்றார்.

"அப்பச் சரி. அக்கா வந்து கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்று பெரியம்மா குங்குமத்தை எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு அக்காவின் நெற்றியிலும் வைத்துவிட்டார். அக்கா அதை அழிக்காமலேயே அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

பாலிங்கில் ரெங்கசாமி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கடுதாசி வந்திச்சு. போதும்" என்றார். நான் திரும்பிப் போய்விடலாம் என்று அக்காவின் முந்தானையை இழுத்தேன். அவர் அசையவில்லை.

"அண்ணே, தோட்டத்துல காலையில பெரட்டுல நின்னு பேரு கூப்பிடுவீங்களே, கூப்பிட்டும் ஆளு வரலன்னா என்ன செய்வீங்க?"

"லயத்துக்குப் போயி கதவத் தட்டி எழுப்புவேன்."

"அதான் நானும் வந்திருக்கேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்துப் பார்த்தார். முடியவில்லை. தொடையில் தட்டிச் சிரித்துவிட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பாலிங் ஆளுங்கள நான் கொண்டாறேன். நீ மத்தத பாரு" என்று உத்தரவு போட்டார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேருந்திலும் நடையிலும் அலைந்தோம். போன இடத்திலெல்லாம் அக்கா டின்னைத் திறந்து அட்டையைத் திருத்தினார். வீடு மாறியவர்கள், இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள், கடைக்காரரோடு சண்டை போட்டதால் கடிதம் கைக்கு வராமல் போனவர்கள் எல்லாரும் சரி செய்யப்பட்டார்கள். எனக்குக் கால் வீங்கிவிட்டது. அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஆனாலும் வருகிறோம் என்று சொன்னவர்கள் வருவார்களா என்ற பயம் எனக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று காலையில் பந்தலில் உட்கார்ந்து, ஐயர் சொன்னதை எதையும் கேட்காமல், சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைப் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கமலாவின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் ஒரு லோரி வந்தது. முன்னால் ரெங்கசாமி அண்ணன் நின்றுகொண்டு, வேலைக்கு ஆள் இறக்குகிற மாதிரி பேர் சொல்லிச் சொல்லி இறக்கினார். அதன் பின்னால் இன்னொரு லோரி. அதன் பின்னால், என் சக ஓட்டுநர் ஓட்டிவந்த பேருந்து. நாலு தட்டு வந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு தட்டு கொண்டுவந்திருந்தார்கள். பழம், தேங்காய், சேலை, ஒருவர் உயிரோடு இரண்டு கோழி. கமலாவின் அப்பா சமையல்காரரிடம் ஓடினார். திரும்பி ஓடி வந்து, "இன்னும் எத்தன லோரி வருதுலா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

அக்கா அட்டைகளைச் சரிபார்த்தபடி, "பாதி லிஸ்ட்தான் வந்திருக்கு மாமா" என்றார்.

தாலி கட்டும் நேரம். முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டும். "நாத்தனார் வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். அவ்வளவு கூட்டத்தையும் கூட்டி வந்த எங்களுக்கு இது ஞாபகம் வரவில்லை. தாலிக்கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி நான் விழித்தேன். அப்போது அங்கம்மா பெரியம்மாவின் குரல் பந்தல் கடைசியிலிருந்து வந்தது. "வீடு வீடா வந்து அக்கான்னு சொல்லித்தான கூப்பிட்டா? அத நம்பித்தான நாங்க வந்தோம்? வந்து முடியச் சொல்லு அவள!"

பெண் வீட்டாரில் யாரோ சிலுவையைப் பற்றி முணுமுணுத்தார்கள். கமலாவின் அப்பா திரும்பினார். "ஆளே இல்லாதவன்னு சொன்னது நானு. இப்ப வந்த ஆள வேணாம்னு சொல்லக்கூடாது" என்றார். பிலோமினா அக்கா எழுந்து வந்தார். தட்டச்சு இயந்திரத்தில் ஒருநாளும் தடுமாறாத அந்த விரல்களால் கயிற்றின் இரண்டு நுனிகளையும் வாங்கிக்கொண்டார். கமலா தலையைக் குனிந்தபடியே, "இறுக்கிப் போடுங்க அண்ணி" என்றாள். போட்டார். நான் அன்றைக்கு அழுததைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர்.

அதன்பின் இத்தனை ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டு அக்காவாகவே இருந்தார். தீபாவளிக்கு வந்து முறுக்கைக் குறை சொல்வார். கிறிஸ்துமஸுக்கு எங்களை வரவழைத்து அவரே முறுக்கு சுடுவார், அது இன்னும் மோசமாக இருக்கும். கடிதம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கடைசி மாதக் கடிதத்தின் உறைகளை, இறப்பதற்கு முந்தின நாள் தபாலில் சேர்த்திருக்கிறார்.

கமலா இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். செய்தி கேட்ட அன்று விடுப்பு கேட்கப் போனாள். மிக நெருங்கிய உறவு இறந்தால்தான் அங்கே மூன்று நாள் கொடுப்பார்கள். படிவத்தில் இறந்தவர் பெயர் பிலோமினா என்று எழுதியதைப் பார்த்த மலாய் மேற்பார்வையாளர் அம்மாள், கமலாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "கூட வேலை செய்த தோழியா?" என்று மலாயில் கேட்டாராம். கமலா கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டி, "கயிறு மாத்தியாச்சு. ஆனா மொதல்ல கட்டுனப்ப மூணு முடிச்சுல ரெண்டு அவங்க போட்டது" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். உறவுமுறை என்ற இடத்தைத் தம் கையாலேயே நிரப்பி, மூன்று நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் டின்னும் அட்டைகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அவை உங்கள் எல்லாருடையவை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த விடுப்புப் படிவத்தின் நகலைத்தான். 'கணவரின் அக்கா' என்று அதில் இருக்கிறது.