ஒன்பது மில்லிமீட்டரா, ஆறா?

போன செவ்வாய்க்கிழமை ஓசூரில் என் மனைவிக்கு ஏழாம் மாத ஸ்கேன். குழந்தையின் இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம் — ஒன்பது மில்லிமீட்டர்.

லேசான வீக்கம் என்றால்? பயப்படணுமா, வேண்டாமா?

"கோளாறா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாலு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

நாலு வாரம்! பஸ் பத்து நிமிஷம் லேட்டானாலே டிரைவருக்கு என்ன ஆச்சோ என்று தவிக்கிறவன் நான். படிப்பும் எட்டாவதோடு சரி. அந்த இங்கிலீஷ் ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது?

எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்டர் பாஷா பாயிடம் காட்டினேன். அவர் அளந்து பார்க்காமல் ஒரு நட்டு கூட கேட்டைத் தாண்டாது.

"டிராயிங் எங்கே தம்பி?"

"எந்த டிராயிங் பாய்?"

"எவ்வளவு இருக்கணும்னு தெரியாம ஒன்பது தப்புன்னு எப்படிச் சொல்றது? சந்தேகம்னா நாம என்ன பண்ணுவோம்? வேற கேஜ்ல அளப்போம்ல?"

நியாயமாகத்தானே பட்டது? "எம் புள்ள என்ன நட்டு போல்ட்டா?" என்று முறைத்த மனைவியை, மறுநாளே பார்டர் தாண்டி கர்நாடகாவுக்குக் கூட்டிப்போனேன். இன்னொரு ஸ்கேன்.

அங்கே... ஆறு!

"பயப்படபேடி" என்று கன்னடத்தில் சிரித்தார் அந்த டாக்டர். பயப்படாதீங்க என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிடும்.

பாஷா பாய் அசரவில்லை. "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடு. ஏழரை."

ஏழரை! எனக்குச் சனி பகவான்தான் ஞாபகம் வந்தார்.

நேற்று இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். "இதுல எது சரிங்க?"

"ரெண்டுமே சரியா இருக்கலாம். குழந்தை உள்ளேயே ஒண்ணுக்குப் போகும்ங்க. போறதுக்கு முன்னாடி ஒரு அளவு, போனப்புறம் ஒரு அளவு. பெரும்பாலும் தானா சரியாயிடும். சில குழந்தைகளுக்குப் பிறந்தப்புறம் வைத்தியம் தேவைப்படும். எதுன்னு இப்பவே சொல்ல முடியாது."

கம்பெனியில் இரண்டே பெட்டிதான் — பாஸ், ரிஜெக்ட். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு மூன்றாவதாக ஒரு பெட்டி இருக்கிறது போல. அதன் பெயர் 'பார்ப்போம்'. அதில் எப்படி நிம்மதியாக உட்காருவது? அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

"அந்தச் சில குழந்தைகள்ல எங்க குழந்தையும்..." என்று அடுத்த கேள்வியை ஆரம்பித்தேன்.

மனைவி வயிற்றில் கை வைத்தபடி எழுந்தாள்.

"இவரு கேட்டுக்கிட்டே இருக்கட்டும் டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் பசிக்குது, நாங்க கிளம்பறோம்."

மூன்றாவது ஆளாக நானும் பின்னாடியே போனேன்.