மூன்றாம் வாய்ப்பாடு

ஈர ரெயின்கோட்டுகளின் பிளாஸ்டிக் வாசம் இன்று என் வகுப்பறையை நிறைத்தது. தாராவியில் நான் படித்த பள்ளியிலேயே இப்போது டீச்சராக இருக்கிறேன். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது இப்படி மழை கொட்டிய ஒரு நாள் நினைவுக்கு வந்தது.

அன்று லீவு விடச் சொல்லி உத்தரவு வருவதற்குள் வகுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கனகம் டீச்சர் எங்களை பெஞ்சுகளின் மேல் ஏற்றினார். மதியச் சாப்பாட்டுக் கிச்சடிப் பாத்திரம் மிதந்தது. ஒருத்தி வாந்தி எடுத்தாள். செருப்புகள் வாசல் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தன. "ஏலே, ஒருத்தரும் கீழ எறங்கக் கூடாது, கேட்டியளா!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினார். பெற்றவர்கள் வந்தால்தான் பிள்ளையை விடுவார். பக்கத்து வீட்டு மாமா என்னை அழைக்க வந்தபோதும், "அவ அம்மையே வரட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். நான் அழக்கூடாதென்று மூன்றாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். முடித்தேன். "திரும்பச் சொல்லு" என்றார், வாசலைப் பார்த்தபடி. மறுபடியும் முடித்தேன். "திரும்பச் சொல்லு." எங்கே தப்பு என்று தெரியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் அம்மா வந்து சேர்ந்ததும், "எம் மவன் அங்க சயான்ல, அவன் ஸ்கூல்ல ஒத்தையில நிக்கான்" என்று சொல்லி, குடையைக்கூட எடுக்காமல் தண்ணீரில் இறங்கிப் போனார் டீச்சர்.

இன்று என்னிடம் மிஞ்சியவள் செல்வி. அவளும் மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்தாள். என் மகள் மட்டும் இன்னும் காத்திருப்பதாக அவள் பள்ளியிலிருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது.

"திரும்பச் சொல்லு" என்றேன்.

"தப்பாச் சொல்லிட்டேனா டீச்சர்?"

"இல்லம்மா. மொதத் தடவையே சரியாத்தான் சொன்ன."