அந்தமானில் நான் பெய்வித்த மழை

பூகோளத்தில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான். பீர்மேட்டில் அப்பா வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், பத்து வீடுகள் ஒரே தகரக் கூரைக்கு அடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் வரிசைக்கு லயம் என்று பெயர். பத்து வீட்டிலும் புத்தகம் என்று இருந்தவை இரண்டு. ஒன்று அப்பாவின் வேதப் புத்தகம். மற்றொன்று என்னுடைய நாலாம் வகுப்புப் பூகோளம். முதல் புத்தகத்தில் தப்பே இருக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் சிந்தி இரண்டாவது புத்தகத்தின் மேலும் விழுந்திருந்தது. பின்னால் நடந்த அநியாயத்துக்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணம் நான்.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். கொழுந்து எடுக்கப் போவாள். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் எனக்குத் தலை பின்னி, நுனியில் வாழைநாரைக் கட்டி, அதை ரிப்பன் என்று என்னை நம்ப வைப்பாள். சாயங்காலம் திரும்பியதும், தேயிலைக் கறை ஏறிய விரல்களால் என் காதைப் பிடித்து ஒரு திருகு திருகுவாள். அந்தப் பச்சை வாசம் காதில் ஏறினால்தான் எனக்குப் பொழுது சாயும். அவளுக்குப் பிள்ளை இல்லை. அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாமா இருந்தார், ஆனால் அந்தமானில் இருந்தார். செடி வெட்டுகிற கத்தியைச் சாணை பிடிக்கக் கம்பத்துச் சந்தைக்கு இறங்கியவர், அத்தைக்குப் பிள்ளை இல்லாததைச் சொல்லி அங்கே ஒருவன் சிரித்ததும், சாணை நன்றாக ஏறியிருக்கிறதா என்று அவன் மேலேயே பார்த்துவிட்டார். ஆள் பிழைக்கவில்லை. குமுளிக்கு மேலே நடந்திருந்தால் திருவிதாங்கூர் ஜெயிலோடு போயிருக்குமாம். மலைக்குக் கீழே நடந்ததால் வெள்ளைக்காரச் சர்க்காரின் பங்குக்குப் போய்த் தீவாந்தர தண்டனை ஆகிவிட்டது. ஒரு மலை இறக்கத்தின் வித்தியாசத்தில் மனிதன் கடல் தாண்டுகிறான். பூகோளத்தை லேசாக நினைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது எனக்குச் சொல்லியிருந்தது, மாமா தீவில் வேலை பார்க்கிறார் என்பதுதான்.

எனக்கு ஒன்பது வயது நடக்கையில், ஆடி மாதத்து அடைமழையில், அவரிடமிருந்து கடிதம் வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தார். அப்பா சத்தமாகப் படித்தார். நன்னடத்தையாக இருந்ததால் நிலமும் குடிசையும் கொடுத்திருக்கிறார்கள். மாடு ஒன்று இருக்கிறது. தென்னை உண்டு, மீன் உண்டு. காற்று சுகம், தேகம் சுகம். மனைவி சம்மதித்தால் சர்க்காரே கப்பலேற்றி அனுப்பிவைக்கும். அதற்கு உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் நேரில் போய் உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டும்.

கடிதம் முடிகிறவரை அத்தை முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகும் பொறுக்கினாள். கடைசியில், "சுகமாத்தான இருக்காவ. இருக்கட்டும். கத்தியத் தூக்கையில என் நெனப்பு வரலல்லா," என்றாள்.

அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. கைதிகள் வாழ்கிற சீமைக்குத் தங்கையை அனுப்ப அவருக்கு மனமில்லை. அம்மாவுக்கும் இல்லை. எனக்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை கச்சேரிக்குப் போய், மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் புத்தகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஏட்டி, இதுல அந்த ஊரு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. வங்காளக் குடாக்கடலின் தீவுகள் என்று ஒன்றரைப் பக்கப் பாடம். மாட்டேன் என்று சொல்லப் போகிறவளுக்கு ஊரைப் பற்றி என்ன கேள்வி? இருந்தாலும் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தாயிற்று, படிக்காமல் இருக்க முடியாது. முதல் வரியை உள்ளது உள்ளபடி படித்தேன்: அந்தத் தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோன ஒரு மலைத்தொடரின் உச்சிகள்.

"அப்பம் அதுவும் மலைதானா?" என்றாள் அத்தை.

"ஆமா. முங்குன மலை."

அவள் வாசலுக்கு வெளியே பார்த்தாள். மழை சற்று விட்டிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சு நிறைந்து, அதற்கு மேலே எதிர்த் தோட்டத்துக் குன்றுகள் நாலைந்து மட்டும் கறுப்பாக நின்றன. எந்த வாத்தியாருக்கும் அதைவிட நல்ல படம் கிடைத்திருக்காது. நானும் பெருமையோடு கையை நீட்டி, இந்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பழகிய ஊரைப் பார்ப்பதுபோல அந்தக் குன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மை ஆபத்தானது என்று அந்த வயதிலேயே கண்டுகொண்டேன். இரண்டாவது வரியிலிருந்து புத்தகத்துக்கு என்னாலான உதவியைச் செய்ய ஆரம்பித்தேன்.

இரண்டு பருவக்காற்றும் அங்கே மழை தருகின்றன, நடுவில் சில மாதம் வறட்சி என்று போட்டிருந்தது. வறட்சியை நீக்கிவிட்டேன். வருஷம் முச்சூடும் மழை, ஒரு நாள்கூட விடாது என்று படித்தேன். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஆனியிலும் ஆடியிலும் முழங்கால் சேற்றில் நின்று கொழுந்து எடுக்கிற பீர்மேட்டுக்காரியை மழையைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்த என் புத்தியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"விடவே விடாதா?" என்றாள் அத்தை.

"விடாது."

"அவுகளுக்கு நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டுமே."

பயந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். உற்சாகம் வந்தது. சீதோஷ்ணம் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு என்று இருந்ததை, வெயிலில் பானைத் தண்ணீர் தானாகக் கொதிக்கும் என்று மாற்றினேன். மழையும் விடாமல் வெயிலும் விடாமல் எப்படி அடிக்கும் என்று அத்தை கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கம்பத்துக்கு இறங்கினாலே மாமாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டுவிடும் என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு மேல் எனக்கு யாரும் தடை இல்லை. எப்போதாவது நிலம் லேசாக அதிரும் என்று புத்தகம் சொன்னது. நான் காலையும் மாலையும் அதிர வைத்தேன். ஆளில்லாத ஏதோ ஒரு குட்டித் தீவில் இருந்த நெருப்பு மலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து மாமாவின் குடிசைக்குப் பின்புறம் வைத்தேன். அட்டைகளை முழ நீளத்துக்கு வளர்த்தேன். அந்தப் பக்கத்துக் கடலில் புயல் பிறக்கிறது என்று புத்தகமே சொல்லிவிட்டதால் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. அந்த இடத்தில் அத்தை பெருமூச்சு விட்டு, "அவுகளுக்கு ஒரு கூரை மேயத் தெரியுமா? ஊருல இருக்கையில நாந்தான மேஞ்சேன்," என்றாள். நான் விடாமல் படித்துக்கொண்டே போனேன். பாடம் எப்போதோ முடிந்து, என் விரல் அடுத்த பாடத்தில் ஆஸ்திரேலியாவின் கம்பளி ஆடுகள் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

திங்களும் செவ்வாயும் சாயங்காலம் வந்து அதையே திரும்பப் படிக்கச் சொன்னாள். முந்தின நாள் சொன்னது பாதி மறந்துவிட்டதால் புதிதாகக் கொஞ்சம் சேர்த்தேன். புதன்கிழமை அவள் காது திருக மறந்துபோனாள். வெற்றி நெருங்கிவிட்டது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அப்பாவும் அவளும் மலை இறங்கினார்கள். சனிக்கிழமை நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அத்தை துணி மாற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். அப்பா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். விறகு தள்ளுகிற சாக்கில் நானும் கேட்டேன்.

கச்சேரியில் அதிகாரி நல்ல மாதிரியாம். யாரும் உன்னை வற்புறுத்தவில்லையே, அந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரியுமா என்று விதிப்படி விசாரித்திருக்கிறார். தெரியும் என்று அத்தை சொல்லத் தொடங்கியிருக்கிறாள். வருஷம் முச்சூடும் மழை, கொதிக்கிற வெயில், காலையும் மாலையும் பூமி அதிர்ச்சி, வீட்டுக்குப் பின்னால் நெருப்பு மலை, முழ நீள அட்டை, எல்லாவற்றையும் வரிசை தவறாமல் ஒப்பித்திருக்கிறாள். என் வகுப்பில் யாரும் அவ்வளவு நன்றாக ஒப்பித்தது கிடையாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நல்லது, மாட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன் என்றாராம். இல்லை, போகிறேன் என்று எழுதுங்கள் என்றாளாம் அத்தை.

"இவ்வளவு தெரிஞ்சுமா போறேங்கிற?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சதுனாலதான் ஐயா. சுகமா இருக்காவன்னுல்லா நெனச்சிருந்தேன். அப்படியாப்பட்ட ஊருல அவுகள ஒத்தையில விட்டுட்டு, நான் இங்க எப்படி சோறு திங்க?"

இதைச் சொல்லி முடித்துவிட்டு அப்பா என் பக்கம் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பக்கத்தைப் புரட்டி ஆஸ்திரேலிய ஆடுகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி விழும் என்று முதுகைத் தயார் செய்துகொண்டேன். அந்த நேரத்தில் அத்தை குடத்தோடு உள்ளே வந்தாள். இப்போது சொல்லிவிடுவார், எல்லாம் இந்தக் கழுதையின் புளுகு என்று சொல்லிவிடுவார் என்று நான் ஏங்கினேன். அடிபடக்கூட அப்போது சம்மதமாக இருந்தது. அவர் அத்தையைப் பார்த்தார். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, வெந்நீர் போடட்டுமா அண்ணே, ரொம்ப நனைஞ்சிட்டிய என்றாள். அப்பா புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.

அத்தை மூட்டை கட்ட இரண்டு வாரம் ஆயிற்று. நெஞ்சுச் சளிக்குச் சித்தரத்தையும் சுக்கும், அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும், புயலில் கூரையை இழுத்துக் கட்ட ஒரு பெரிய கயிற்றுச் சுருள். வேர்க்குருவுக்கு எதையோ அரைத்து வில்லையாகக் காயவைத்தாள். நெருப்பு மலைக்கு மட்டும் என்ன கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டாள். புத்தகத்தில் அதற்கு ஒன்றும் போடவில்லை என்றேன். அந்தப் பாடத்தில் நான் அவளுக்குச் சொன்ன மூன்றாவது உண்மை அது.

மறு வருஷம் அங்கிருந்து வந்த கடிதத்தில், அட்டை பீர்மேட்டு அட்டையைவிடச் சின்னதுதான் என்றும், நெருப்பு மலையை இரண்டு பேருமாகத் தேடியும் காணோம் என்றும், வாத்தியாரிடம் சொல்லிப் புத்தகத்தைத் திருத்தச் சொல்லும்படியும் எழுதியிருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் அவள் புறப்பட்ட அன்று காலையில் எனக்குச் சிரிப்பில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால், குமுளிப் பாதையில் அவள் இறங்கினாள். அழவில்லை. போகிறவள் ஏன் அப்படி வேகமாக நடக்கிறாள், அப்பா ஏன் கடைசிவரை உண்மையைச் சொல்லவே இல்லை என்று ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. மழையும் வெயிலும் நெருப்பும் அவளை நிறுத்தப் போதவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வளைவில் அவள் மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்று, கஞ்சத்தனம் பண்ணாமல் அந்தத் தீவில் ஒரு புலியையும் விட்டிருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து அழுதேன்.