இடுப்பை முறுக்காமல் இருபது பந்து

மூன்று வாரமாகக் கோல்ஃப் பழகுகிறேன். கூடவே முதுகுவலியும் வந்துவிட்டது. இன்று காலை ஒரகடம் பயிற்சி மைதானத்தில் மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே வரமாட்டேன்" என்றேன்.

அங்கே பந்து பொறுக்கும் கலா அக்கா சிரித்துவிட்டார். முன்பு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி தூக்கி இறக்கியவர்.

"இன்னா சார், பாதத்த ஆணி அடிச்ச மாதிரி வச்சிகினு இடுப்ப மட்டும் முறுக்குறீங்க? கம்பெனி லைன்ல பெட்டி எடுக்கசொல்லோ நானும் அப்டி திரும்பித் திரும்பித்தான் முதுக கெடுத்துக்கினேன். காலும் சேந்து திரும்பணும் சார். அடிச்சி முடிச்சா பின்னங்கால் குதிகால் மேல எழும்பணும். வவுறு பந்து போற பக்கம் பாக்கணும்."

வெட்கத்தோடு மட்டையைத் திரும்ப வாங்கினேன். மெதுவாக இருபது பந்து அடித்தேன். ஒருமுறைகூட முதுகு சுளீரென்று இழுக்கவில்லை. நாளைக்கும் போகிறேன்.

பந்தெல்லாம் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.