"இதுல யாருங்க இருக்காங்க?"

மகேஸ்வரி எப்போதும் கேட்கும் கேள்வி இது. அவளைப் பற்றிய செய்தி வந்தபோது நான் அவளுடைய ஸ்க்ரூடிரைவரைத் திருடிக்கொண்டிருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய லேப்டாப் சர்வீஸ் கடையில், கழற்றி மாட்டுகிற மேஜை வேலை முழுக்க அவளுடையது. சாஃப்ட்வேர், பில், வாடிக்கையாளர் சமாதானம் எல்லாம் என்னுடையது. காந்தமுனை வைத்த அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை அவள் யாருக்கும் தரமாட்டாள். நான் எடுத்துவிட்டால் அன்று முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் வருவதற்குள் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று கை நீட்டினேன். போன் அடித்தது. அவள் கணவர் துரைசாமி.

"அம்மணி, மேட்டுப்பாளையம் ரோட்டுல மகேசு வண்டி மேல லாரி மோதிப்போடுச்சுங்க. ஆசுபத்திரிக்குக் கொண்டாந்து பாத்தோம். உசுரு இல்லீங்க," என்றார். கடைக்கு வரும் வழியில்தான் நடந்திருக்கிறது. நான் ஸ்க்ரூடிரைவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன். அதைச் சரியாக வைத்தேனா என்று வழியெல்லாம் கவலைப்பட்டது நினைவிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் பேச்சு வாங்கியவர்கள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் எனக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்.

ஒரு லேப்டாப் மேஜைக்கு வந்தால் எல்லாரும் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். மகேஸ்வரி அப்படிக் கேட்க மாட்டாள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இதுல யாருங்க இருக்காங்க?" என்பாள். முதல்முறை வருபவர்கள் விழிப்பார்கள். கம்பெனிக் கணக்கு இருக்கிறது என்பார்கள், பழைய படம் இருக்கிறது என்பார்கள். அவள் விடமாட்டாள். "அது சரிங்க. யாரு இருக்காங்க?" என்று திரும்பக் கேட்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும். இறந்துபோன அப்பா பேசியது இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். பாப்பா முதன்முதலில் நடந்தது இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். கழற்றிய டிஸ்க்கை உறையில் போட்டு, அதன்மேல் லேப்டாப்காரர் பெயரை எழுதாமல் அதைத்தான் எழுதி ஒட்டுவாள். "அப்பா பேசினது." "பாப்பா நடக்கறது." ஒருமுறை "காலேஜ் புராஜெக்ட், புள்ள அழுவுது" என்றுகூட எழுதியிருந்தாள். எந்த உறை யாருடையது என்று தெரியாமல் நான் திண்டாடுவேன். "பேரு எழுதினா என்ன கொறஞ்சுபோவ?" என்று சண்டை போட்டிருக்கிறேன். "பேரு உனக்கு. இது எனக்கு. எதைத் தொடறேன்னு கைக்குத் தெரியோணுமல்ல?" என்பாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும். ஒருநாள் ஒரு மில் சூப்பர்வைசர் ஆன்லைனில் வாங்கிய புது ஹார்டு டிஸ்க்கோடு வந்தார். லேப்டாப்புக்குள் வைத்துவிட்டார், மூடி மட்டும் மூடவில்லை, ஓங்கி அமுக்கிப் பார்த்திருக்கிறார். மகேஸ்வரி அதை வெளியே எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

"அகலம் ரெண்டும் ரெண்டரை இஞ்சுதானுங்க. பின்னு மாட்டற எடமும் ஒண்ணுதான். தடிமனப் பாத்தீங்களா? உங்குளுது ஏழு மில்லிமீட்டரு. இது ஒம்பதரை. சட்டை எடுக்கப் போனா கை நீளம் மட்டும் பாத்துப்போட்டு வாங்கியாருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "கொஞ்சம் அமுக்குனா உக்காந்துக்கும்னு நெனச்சேனுங்க."

"உள்ள தட்டு சுத்துதுங்க. நிமிசத்துக்கு அஞ்சாயிரத்துச் சொச்சம் சுத்து. அதுக்கு மேல படாம ஒரு ஊசி மெதந்துட்டு இருக்குது. உங்க மில்லுல ஓடற மிசின்ல கை வெப்பீங்களா? அப்பறம் இதுல எப்படீங்க வெச்சீங்க?"

கொள்ளளவு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து வருபவர்களிடம், உங்கள் லேப்டாப் எதை ஏற்கும், வேகம் எவ்வளவு, மாட்டும் இடத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் தகடு எத்தனை ஸ்க்ரூவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கச் சொல்வாள். இப்போது எல்லாரும் எஸ்எஸ்டி என்கிற சுற்றாத டிஸ்க்குக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவளும் நிறையப் பேருக்கு அதைத்தான் போட்டுக்கொடுத்தாள். தன் லேப்டாப்பில் மட்டும் பழைய சுற்றும் டிஸ்க்தான். அது சில மாதங்களாக டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கோயம்புத்தூரிலேயே அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு.

தனக்கென்று ஒரு புது டிஸ்க் வரவழைத்தாள். அது வந்த அன்றைக்கே அவிநாசியிலிருந்து ஒரு கல்யாண போட்டோக்காரர் பதறிக்கொண்டு வந்தார். ஒரு கல்யாணத்துப் படம் முழுக்க, செத்துக்கொண்டிருந்த அவருடைய டிஸ்க்கில் மாட்டியிருந்தது. மகேஸ்வரி பெட்டியைப் பிரித்து, தன்னுடையதை அவருக்குப் போட்டுவிட்டாள். நான் கத்தினேன். "என்னுது இன்னும் சித்த நாள் தாங்கும் அம்மணி. பொண்ணு மாப்பிள்ளை மறுக்காத் தாலி கட்ட முடியுமா?" என்று என் வாயை அடைத்தாள். அப்புறம் இன்னொன்று வாங்குவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். என் கோபம் இதுதான். ஊருக்கெல்லாம் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொன்னவள், தனக்கு ஒன்றுகூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

வால்பாறைக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. அங்கே எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒன்றில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினார். டிஸ்க் போகிற நிலைமை. அதிலிருந்ததை எல்லாம் மகேஸ்வரி எடுத்து வைத்துக்கொண்டாள், ஆனால் பொருத்தமான புது டிஸ்க் அன்று கையில் இல்லை; டீச்சர் லேப்டாப்போடு ஊர் திரும்பிவிட்டார். பிறகு வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டாள். டீச்சருக்குப் பரீட்சைக் காலம், லீவு கிடையாது; மலையிறங்கி வந்து போக ஒரு பகல் போய்விடும். "அனுப்பி உடறேனுங்க டீச்சர், நீங்களே மாட்டிக்கலாம்," என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றி வால்பாறை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்தாள்.

அங்கே போன் பேச்சு பாதியில் அறுந்து அறுந்து போகும். அதனால் வாய்ஸ் மெசேஜாகச் சொன்னாள். சிக்னல் வரும்போது அது போகும், டீச்சர் செய்து முடித்துவிட்டுப் பதில் அனுப்புவார், அப்புறம் அடுத்தது. ஒரு காலை வேளை முழுக்க அதுதான் நடந்தது. நான் பக்கத்து மேஜையில் ஜிஎஸ்டி பில் போட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். "ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு மெசேஜா? முழுசா ஒரே மூச்சுல சொல்லித் தொலையேன்," என்றேன். "பயந்துக்குவாங்க. ஒண்ணொண்ணாச் சொன்னாத்தான் கை நடுங்காது," என்றாள். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். அதையும் நான் கேலி செய்தேன். அது என்ன வாக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத் துரைசாமி கடைக்கு வந்தார். பம்ப் கம்பெனியில் வேலை. அதிகம் பேசாத மனிதர். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மகேஸ்வரியின் லேப்டாப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்களைப் போலவே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பை வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"இதுல யாரு இருக்காங்கன்னு நீங்க கேக்கலீங்களே அம்மணி," என்றார். "அவதானுங்க இருக்கறா."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் குரல் வேண்டும். படம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. குரல் எங்குமே இல்லை. அவள் போன் ரோட்டில் நொறுங்கிப்போனது. அதிலிருந்ததை வெளியே எங்கும் ஏற்றி வைக்கவுமில்லை. துரைசாமியிடம் இருப்பது பட்டன் போன். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாராம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் சினிமாப் பாட்டு ஓடுகிறதாம், அவள் வாய் மட்டும் அசைகிறதாம். "சாயங்காலமானா ஊட்டுல பேசிட்டேதானுங்க இருப்பா. அத யாருங்க புடிச்சு வெப்பாங்க?" என்றார். நான் என் போனைத் தேடினேன். பகலெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியவளிடமிருந்து எனக்கு எதற்கு மெசேஜ்? "டீ வாங்கி வை" என்று எழுதியவைதான் இருந்தன.

அந்த டிஸ்க்கை நான்தான் கழற்றினேன். அவள் செய்கிற வரிசையிலேயே செய்தேன். வெளியே வைத்துக் கரண்டு கொடுத்ததும் டிக், டிக் என்றது; அப்புறம் ஒரு கரகரப்பு. உடனே நிறுத்திவிட்டேன். அப்படிச் சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஓடவிடக் கூடாது, ஓட ஓட உள்ளே இருப்பதைச் சுரண்டும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காந்திபுரத்தில் இந்த வேலையே செய்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் சென்னைக்கு அனுப்பினார். தட்டிலேயே கோடு விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று திரும்பி வந்தது.

துரைசாமி வீட்டுக்குப் போய் நேரில் சொன்னேன். "பரவாயில்லீங்க அம்மணி. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார். டீ வைக்கிறேன் என்று உள்ளே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. அடுப்புப் பற்றவைக்கிற சத்தமும் கேட்கவில்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீடு வந்து சேர்ந்ததும், "ஒரு டிஸ்க் மாத்தறதுக்கு உனக்கு நேரமில்லையாடி?" என்று அவளை வாய்விட்டுத் திட்டினேன். பிறகு அழுதேன்.

அப்புறம் ஒருநாள் கடைக்கு ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். "மகேஸ்வரி மேடம் நம்பர் போகவே மாட்டேங்குதுங்க. மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. சொன்னேன். அந்தப் பக்கம் அழுதார்.

"அவங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் அப்படியே வெச்சிருக்கறேனுங்க," என்றார் கடைசியில். "மறுபடி எப்பவாவது கழட்ட வேண்டி வந்தா கேட்டுக்கலாமேன்னு அழிக்கவே இல்லீங்க."

அத்தனையையும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அந்தக் காலை வேளை முழுக்க அவள் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

வால்பாறைச் சிக்னலில் அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான் எதையும் போட்டுக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு நேராகத் துரைசாமி வீட்டுக்குப் போனேன். போனை மேஜைமேல் வைத்து, முதலாவதை அழுத்தினேன்.

"டீச்சர், மொதல்ல சார்ஜர் ஒயரப் புடுங்கிப்போடுங்க. அப்பறம் பேட்டரி. அதக் கழட்டாம ஸ்க்ரூவத் தொடப்படாதுங்க. பயப்படாதீங்க, நானு இங்கயேதான் இருக்கறேனுங்க."

துரைசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார். அடுத்தது.

"இப்ப பவர் பட்டனச் சித்த நேரம் அமுத்திப் புடிங்க. உள்ள மிச்சமிருக்கற கரண்டு போயிரும். நானு இங்கயேதான் இருக்கறேனுங்க."

"டிஸ்க்க மேல தூக்காதீங்க டீச்சர். அது பின்னுல மாட்டியிருக்குது. மொள்ள அக்கட்டால, பின்னுக்கு எதிர்ப்பக்கமா இழுங்க, அதுவா வந்துரும். வராட்டி ஸ்க்ரூ எங்கியோ பாக்கியிருக்குதுன்னு அர்த்தம். நானு இங்கயேதான் இருக்கறேனுங்க."

புது டிஸ்க்கை எந்தப் பக்கமாகப் பிடிக்க வேண்டும், கெட்டியாகப் போனால் அமுக்காமல் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், தகட்டு ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கக் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒன்றில் பின்னால் என் குரலும் கேட்கிறது, அவளைத் திட்டிக்கொண்டு. அவள் சிரிக்கிறாள். துரைசாமி எப்போதோ தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கடைசி மெசேஜ் வந்தது.

"அவ்வளவுதானுங்க. மூடிப்போட்டு, பேட்டரி மாட்டி, ஆன் பண்ணுங்க. வந்துருச்சான்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்ற வரைக்கும் நானு இங்கயேதான் இருக்கறேனுங்க."

போன் அமைதியானது. துரைசாமி அதன் பக்கம் குனிந்தார்.

"வந்துருச்சு மகேசு," என்றார்.

அவள் குரல் இனி அவருடையது. அதற்காகவே ஒரு புதுப் போன் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அவள் எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியதுபோல.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஓடாத டிஸ்க். ரெண்டரை இஞ்சு, ஏழு மில்லிமீட்டர் தடிமன், உள்ளங்கையில் அடங்கிவிடும். உறையில் போட்டு, மேலே அவள் எழுதுகிறபடியே யார் என்று எழுதினேன். மகேஸ்வரி. அவள் மேஜையில், ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் அந்தப் பக்கம் போய், "நானும் இங்கயேதான் இருக்கறேன் அம்மணி," என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.